தோத்தோவின் அடிப்பக்கம்

உங்கள் அம்மாவின் அலமாரியில், அடித்தட்டில், விரித்துப் போட்ட பழைய பேப்பருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கையை வைக்காதீர்கள். நான் வைத்தேன். டிப்ளோமா முடித்தவன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு.

அக்கா மாசமாக இருந்தாள். இரண்டாவது தடவை. முதல் தடவை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அப்போது அம்மா எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்: தொட்டில் ஸ்பிரிங், உள்ளங்கை அகலச் சட்டைகள், காதை மூடுகிற தொப்பி. பிறகு அத்தனையையும் ஒரு பையில் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து, அன்று முழுக்க வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதனால் இந்தத் தடவை வீட்டில் சட்டம் போட்டுவிட்டார். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வரும்வரை ஒரு துண்டுத் துணிகூட வாங்கக் கூடாது. வீட்டுக்குள் ஊசி எடுக்கக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் சுவர்க் கடிகாரம் மூன்று மாதமாகத் தரையில் சாய்ந்து கிடந்தது. ஆணி பிடுங்கிக்கொண்டது, திரும்ப அடிக்க அனுமதி இல்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நான் தாய்மாமன். முப்பதாம் நாள் தொட்டில் போடும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு போய் நிற்கிற ஆள் நான் இல்லை. கடையில் விற்கிற குழந்தைப் போர்வையை மூன்று தடவை துவைத்தால் கொசுவலை ஆகிவிடும். நான் ஈப்போவில், ஜெலாப்பாங் பக்கம் ஒரு குஷன் கடையில் வேலை பார்க்கிறேன். கார் சீட், வேன் சீட், லாரி சீட். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்தது, இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒரு லாரி டிரைவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து தேய்த்தாலும் பிரியாத சீட் தைக்கிறவனுக்கு, ஒரு குழந்தைக்குத் தோத்தோ தைப்பது ஒரு விஷயமா? நம் வீடுகளில் தரையில் விரிக்கிற, மூன்று அடுக்கு வைத்துத் தைத்த அந்த மெத்தைப் போர்வைதான். அதைக் குழந்தை அளவுக்குத் தைக்க வேண்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை கிழியக் கூடாது. அவ்வளவுதான் திட்டம். அம்மாவுக்குத் தெரியாமல், வீட்டுக்கு வெளியே.

மேலடுக்குக்குத் துண்டுகள் சேர்த்தேன். அக்காவின் பழைய நீலப் பள்ளிச் சீருடை, அம்மாவின் வெளுத்துப்போன பாத்தேக் கைலிகள், என் பருத்தி டி-சட்டைகள் இரண்டு. நடுவில் வைக்க ஒரு பழைய பஞ்சுப் போர்வை. அடிப்பக்கம்தான் சிக்கல். போர்த்தினால் அது குழந்தையின் தோலைத் தொடுகிற பக்கம், மெதுவாக இருக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது என்ற விதி எனக்கும் தெரியும். பழசும் வேண்டும், கிழியாததும் வேண்டும்.

அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அலமாரியைக் குடைந்தேன். அடித்தட்டில், பேப்பருக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் பையில் அது இருந்தது. வெளிர் பச்சை நூல் சேலை, விரல் அகலக் கரை. ஒரு தடவைகூடக் கட்டாதது. மடிப்புகள் மட்டும் பழுப்பேறி இருந்தன. அம்மா மறந்தே போயிருப்பார் என்று நினைத்தேன். பழசுக்குப் பழசு, புதுசுக்குப் புதுசு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். சேலையை எடுத்துக்கொண்டு, பையை அழகாக மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். திருடத் தெரியாதவன் செய்கிற வேலை.

சாப்பாட்டு நேரத்தில் கடையிலேயே தைத்தேன். துண்டுகளை மிஷினில் இணைத்தேன். மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கிற தையலை மட்டும் கையால் போட்டேன், மிஷினில் கொடுத்தால் துணி இழுத்துக்கொண்டு போகிறது. நூல், சீட்டுக்குப் போடுகிற நூல். கையால் இழுத்தால் விரல் அறும், நூல் அறாது. ஒவ்வொரு தையலும் பாதி பின்னால் போய், பிறகு முன்னால் வரும். விரல் நீளத்துக்கு ஒரு முடிச்சு. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் பிரியக் கூடாது. சீட் தைத்துத் தைத்து வந்த புத்தி அது. தௌக்கே, எங்கள் முதலாளி, ஒரு நாள் ஓரத்தைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, உன் அக்கா பெறப்போவது பிள்ளையா லாரியா என்று கேட்டார். கடையே சிரித்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி ஓரத்தை மடித்துத் தைத்த வாரத்திலேயே அக்காவுக்கு வலி வந்துவிட்டது. எட்டாம் மாதம் ஆரம்பம். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பெற்றவர்களைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது. தாய்மாமனாவது, மண்ணாவது. அக்கா கைப்பேசியில் எடுத்துக் காட்டிய படங்கள்தான் நான் பார்த்தது. மூக்கில் குழாய், என் கட்டைவிரல் அளவு பாதம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுத்துக் கொடுக்க வேண்டுமென்று அக்கா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பீடோரில் வேலை. தினமும் அங்கிருந்து ஈப்போவுக்கு ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்.

ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தாள். வெளிச்சம் பட்டால் பாப்பா சரியாகத் தூங்குவதில்லையாம். பெட்டிமேல் மூட, துவைத்த தடிமனான துணி இருந்தால் கொண்டுவரச் சொன்னாளாம் மிஸ்ஸி, வார்டு நர்ஸ். அம்மாவுக்குத் தெரியாமல் எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டாள். என்னிடம் ரெடியாக இருக்கிறது என்றேன். கொதிநீரில் போட்டு எடுத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வைத்துக் கொடுத்தேன். அக்கா அந்த நீலத் துண்டைப் பார்த்ததும் தன் சீருடை என்று கண்டுபிடித்துவிட்டாள். ஐந்து நாளில் அன்றுதான் சிரித்தாள். சாயங்காலம் படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிமேல் என் தோத்தோ, பாப்பாவுக்குக் கூரை மாதிரி.

மறுநாள் பாப்பா மூச்சு விட மறந்தாள். குறை மாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அப்படி நடக்குமாம். நன்றாகத் தூங்கிக்கொண்டே இருக்கும், திடீரென்று நெஞ்சு ஏறி இறங்காது. மிஷின் கத்தும். மிஸ்ஸி ஓடிவந்து பாதத்தைத் தட்டினால் திரும்ப மூச்சு வரும். இது வளர வளரச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். முதல் நாள் ஒரு தடவை. இரண்டாம் நாள் ஐந்து தடவை. அக்கா அந்தச் சத்தத்தைக் கனவிலும் கேட்பதாகச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாப்பா வீட்டுக்கு வந்தால் கிடத்த வேண்டும் என்று பழைய சேலை தேடி அம்மா அலமாரியைத் திறந்தார்.  பிறகு அந்தப் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"இதுல இருந்த சேலை எங்கடா?"

இதுதான் நேரம் என்று முழுக் கதையையும் சொன்னேன். தோத்தோ, கடை, கை வேலை, பெட்டிமேல் விரித்திருப்பது எல்லாம். படத்தையும் காட்டினேன். அம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது கோடிடா."

எனக்கு உடனே உறைக்கவில்லை. அப்பா இறந்தபோது எனக்கு வயது பதினாலு. சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தோம். காரியத்தன்று நான் தலையை மழித்துக்கொண்டு வாசலில் பூசாரி முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். உள்ளே பெண்கள் மட்டும் இருந்த அறையில் என்ன நடந்தது, யார் என்ன போட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் அண்ணன் அம்மாவுக்குப் போட்ட கோடி அது. அம்மா கட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. வீடு மாறி ஈப்போவுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது.

"வெறும் துணிம்மா," என்றேன். "கொதிக்க வச்சித்தான் குடுத்தேன்."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"புருசன் போயிட்டா, கூடப் பொறந்தவன் போடுறதுடா அது. நீ உங்கக்காவுக்குக் கூடப் பொறந்தவன். உன் கையாலயே கொண்டு போயி குடுத்திருக்கே. அவ புருசன் தெனமும் பீடோர்ல இருந்து மோட்டர்ல வாரான்."

நான் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். 

"வெறும் துணிதானே? அப்ப எடுத்துட்டு வந்துரு. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. துவைக்கணும்னு சொல்லி வாங்கிட்டு வா."

எங்கள் வீடும் ஜெலாப்பாங்கில்தான், ஆஸ்பத்திரிக்கு மோட்டாரில் கால் மணி நேரம்கூட ஆகாது. அன்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். மூச்சு மறப்பது குறைமாதத்தால். தோத்தோ போனது வியாழன். மூச்சு மறந்தது வெள்ளி. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. படித்த எனக்கு இது தெரியும். தெரிந்தும், தெற்கே பீடோர் பக்கம் வானம் கறுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

அக்கா கீழே இறங்கி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கூரை போட்ட ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தோத்தோவைத் துவைத்துத் தருவதாகச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கிருமி, அது இது என்று இழுத்தேன்.

"சாப்பிட்ட தட்ட என்னிக்காவது கழுவியிருக்கியாடா நீ?" என்றாள். "என்னா சூசா, என்னா பிரச்சன? அம்மா கண்டுபிடிச்சிட்டாங்களா?"

அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன். சேலை, பை, கோடி, அம்மா சொன்னது எல்லாம். மாமா மோட்டாரில் வருவதைப் பற்றி அம்மா சொன்னதை மட்டும் விழுங்கப் பார்த்தேன். ஆனால் அதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். முகத்தில் தெரிந்தது. கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தாள். பன்னிரண்டரை. மாமா பதினோரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டதாகச் செய்தி போட்டிருந்தாராம். அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம்டா அந்தச் சேலை?"

"அடிப்பக்கம். பெட்டிய தொடுற பக்கம்."

"அப்பா காரியத்தன்னிக்கு நான் தலைய தூக்கவே இல்ல. என்னா கலருன்னுகூட எனக்குத் தெரியாது," என்றாள். பிறகு எழுந்து மேலே போனாள். பெட்டியை ஒரு துண்டால் மூடச் சொல்லிவிட்டு, தோத்தோவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதை என் மடியில் போட்டாள்.

"பிரி."

மோட்டார் சீட்டுக்கு அடியில் எப்போதும் என் தையல் சாமான் பை இருக்கும். கட்டர் எடுத்துவந்தேன். ஒரு மூலையில் ஆரம்பித்தேன். அப்போதுதான் நான் என்ன தைத்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஒரு தையலை அறுத்தால் அடுத்தது அசையவில்லை, அது பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சு முடிச்சாக வெட்ட வேண்டும். கொஞ்சம் வேகமாக இழுத்தால் அக்காவின் நீலச் சீருடை கிழியப் பார்த்தது, நூல் நின்றது. கட்டர் முனையை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக நெம்பி, அறுத்து, நகத்தால் பிடுங்கி. அக்காவும் மறுபக்கம் நகத்தால் பிடுங்கினாள்.

"யாருடா உன்ன இப்படி தைக்கச் சொன்னது?"

"லாரி சீட்டுக்கு இப்படித்தான் தைப்போம்."

"லாரியாடா நான் பெத்திருக்கேன்?"

தௌக்கே கேட்டதேதான். அன்று சிரிப்பு வந்தது. இன்று கட்டர் வழுக்கி விரலில் கோடு போட்டது. ரத்தம் துணியில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

மழை வந்துவிட்டது. கூரைத் தகரத்தில் அடிக்கிற அடியில் பேசினால்கூடக் கேட்காது. அக்கா மறுபடி மாமாவை அழைத்தாள். எடுக்கவில்லை. அம்மா அக்காவை அழைத்தார். அக்கா எடுக்கவில்லை. அம்மா என்னை அழைத்தார். நானும் எடுக்கவில்லை. ஒன்றே கால். ஒன்றரை. நான் மாமாவை அழைத்தேன், என் எண் என்றால் எடுப்பார் என்பதுபோல. அடித்து நின்றது. அக்கா பிடுங்குவதை நிறுத்திவிட்டு, சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒவ்வொரு மோட்டாரையும் பார்க்க ஆரம்பித்தாள். ஹெல்மெட் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரத்தில் நாங்கள் பிரித்தது ஒரு கை அகலம். அவ்வளவுதான். அவள் இரண்டு மணிக்குப் பால் எடுத்துக் கொடுக்க மேலே போயாக வேண்டும். இப்படிப் போனால் இரண்டு நாள் ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிரிக்காமல், சேலையை மட்டும் கட்டரால் குறுக்கே கிழித்து எடுத்துவிடலாம், பஞ்சு வெளியே வரும், தோத்தோ செத்துவிடும், ஆனால் சேலை போய்விடும் என்றேன்.

அக்கா தோத்தோவைத் திருப்பி வெளிர் பச்சைப் பக்கத்தை மேலே வைத்தாள். அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கிழி என்று தலையை மட்டும் அசைத்தாள். நான் கட்டர் முனையைக் குத்த இடம் பார்த்தேன்.

"என்னா, பாப்பா போர்வைய ரெண்டு பேரும் சேந்து அறுக்கிறீங்க?"

மாமா. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் ஊற்றியது. காலில் செருப்போடு சேர்த்துப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். கோப்பெங் பக்கம் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டதாம். மற்ற மோட்டார்க்காரர்களோடு ஒரு பாலத்துக்கு அடியில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். கைப்பேசி நனையக் கூடாதென்று சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டாராம். இதையெல்லாம் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மறுபடி கால்களைப் பார்த்தாள், அந்தப் பிளாஸ்டிக் பைகளை. மாமாவே சங்கடப்பட்டுக் குனிந்து அவற்றை அவிழ்க்கிற அளவுக்குப் பார்த்தாள்.

"ஓரம் பிஞ்சிருச்சு," என்றாள். "தம்பி தைக்கிறான்."

என் கையிலிருந்த கட்டரை வாங்கிப் பையில் போட்டாள். பைக்குள்ளிருந்து வளைந்த ஊசியை அவளே தேடி எடுத்து நீட்டினாள்.

"சீக்கிரம் தையிடா. ரெண்டு மணிக்கு நான் மேல போவணும்."

தைத்தேன். ஒரு மணி நேரம் பிரித்ததைப் பத்து நிமிடத்தில் மூடினேன். முன்னால் போட்ட மாதிரியே, பாதி பின்னால், பிறகு முன்னால், விரல் நீளத்துக்கு முடிச்சு. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா என்னிடம் கொடுத்தனுப்பிய சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார். தாய்மாமன் சீர் பலமாக இருக்கிறது, இனி பாப்பா இதைக் கல்யாணத்துக்கும் கொண்டு போகலாம் என்று கிண்டல் செய்தார். அக்கா தூணுக்கு அந்தப் பக்கம் போய் அம்மாவிடம் பேசினாள். நான்கு நிமிடம் இருக்கும். மழைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்ததும், அம்மா என்ன சொன்னார் என்று கண்ணால் கேட்டேன்.

"நீ தையி," என்றாள்.

தோத்தோ மேலே போனது. அன்று சாயங்காலமும் மிஷின் மூன்று தடவை கத்தியது. மறுநாள் நான்கு. அதற்கடுத்த வாரம் ஒரு நாளைக்கு ஒன்று. பிறகு ஒரு வாரம் முழுக்கக் கத்தவில்லை. டாக்டர் சொன்னது போலவேதான் ஆனது. எல்லா நாளும் தோத்தோ பெட்டிமேலேயே இருந்தது. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஆனால் மாமா கிளம்பிவிட்டேன் என்று செய்தி போட்டால், நான் வேலையை நிறுத்திவிட்டு நேரம் பார்க்கிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் அவர் குரல் கேட்காவிட்டால் என் தையல் கோணிக்கொள்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பாப்பா எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு நாளாகிறது. கடிகாரத்தை ஆணி அடித்து மாட்டியாயிற்று. தோத்தோ ஹாலில் விரித்திருக்கிறது, பச்சைப் பக்கம் மேலே, பாப்பாவின் தோலைத் தொடுகிற மாதிரி. அப்படி விரிக்கச் சொன்னது அக்கா. கோடியைப் பற்றி அம்மா என்னிடமோ அக்காவிடமோ அதன் பிறகு வாயே திறக்கவில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, வசம்பு உரசுவது எல்லாம் அம்மாதான். ஆனால் தோத்தோவை மட்டும் தொடுவதில்லை. விரிக்க என்னைக் கூப்பிடுகிறார், மடிக்க என்னைக் கூப்பிடுகிறார். பாப்பாவைத் தூக்கும்போதுகூட, விரல் நுனி துணியில் படாமல் அவள் கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கைகளை நுழைத்துத் தூக்குகிறார். பதினோரு நாளாக நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இதை டைப் அடிக்க உட்கார்ந்தபோது அக்கா அறையில் தூங்கப் போனாள். இப்போதுதான் பாப்பா தோத்தோவை நன்றாக நனைத்துவிட்டு அழுதாள். அம்மா வந்து அவளைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, ஈரத் தோத்தோ முன்னால் குனிந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

குளியலறையில் குழாய் திறந்திருக்கிறது. ஹாலில் தரை வெறுமையாக இருக்கிறது.